மகன் குரலிலேயே பணம் கேட்டுப் போன் வருகிறதாமே, அது எப்படி? நாம் என்ன செய்ய வேண்டும்?

குரலை நகலெடுக்க நீளமான பதிவு தேவையில்லை. 2023 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அறிவித்த வால்-ஈ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு 3 விநாடிப் பேச்சே போதும். ஒரு ரீல்ஸிலோ வாட்ஸ்அப் குரல் செய்தியிலோ அது கிடைத்துவிடும். காதால் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள்: சாதாரண போன் அழைப்பில் குரலின் மேல், கீழ் அதிர்வெண்கள் வெட்டுப்படும், நகலின் பிசிறுகளும் அதோடு காணாமல் போகும். அழுகையும் இரைச்சலும் சேர்ந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

உடனே அழைப்பைத் துண்டியுங்கள். வந்த எண்ணுக்குத் திருப்பி அடிக்காமல், ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் மகனின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். "என் போன் உடைஞ்சிருச்சு, நண்பன் போன்ல பேசுறேன்" என்று மோசடிக்காரர் முந்திக்கொள்வது இதைத் தடுக்கத்தான். அப்படிச் சொன்னாலும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டால் அறைத் தோழனிடமோ அலுவலகத்திலோ விசாரியுங்கள். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பிறந்தநாள், ஊர்ப்பெயர் எல்லாம் உதவாது, பேஸ்புக்கிலேயே கிடக்கும்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் புகார் பதிவானால்தான் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கு நேரில் போவதெல்லாம் அதற்குப் பிறகு.