மிஷினில் விரல் வைத்தும் கூலி கைக்கு வரவில்லையா?

கேள்வி: ஜவ்வாது மலையில் இருக்கும் என் அத்தைக்கு நூறு நாள் வேலைக் கூலி ஏறிவிட்டதாக ஊராட்சியில் சொல்கிறார்கள். விரல் ரேகை வாங்கிப் பணம் எடுத்துத் தர ஊருக்கு வரும் மிஷின்காரரோ மூன்று முறை விரல் வைக்கச் சொல்லிவிட்டு, 'சர்வர் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்கிறார். செல்போனில் ஏதாவது வழி உண்டா?

பதில்: செல்போன் அப்புறம். முதலில் அத்தையை வங்கிக் கிளைக்கே அழைத்துப் போய் பாஸ்புக்கில் பதிவு போடுங்கள். மலையிலிருந்து இறங்க ஒரு நாள் கூலி போகும், தெரியும். பணத்தை டிஜிட்டலில் அனுப்புகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிவதில்லை.

அந்த மூன்று விரல்தான் எனக்கு உறுத்துகிறது. இருப்பு பார்ப்பதற்கும் பணம் எடுப்பதற்கும் மிஷினில் ஒரே விரல்தான். எதற்கு என்பதை அவர் திரையில் தொடும் இடமே தீர்மானிக்கிறது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். சாமை அறுத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும் என்பது அவருக்கு நல்ல சாக்கு. ஒவ்வொரு விரலுக்கும் அச்சு ரசீது கேளுங்கள், 'தோல்வி' என்றாலும் சரி. ரசீது தராதவரிடம் அடுத்த விரல் வைக்க வேண்டாம். 'மலை ஏறி வந்த செலவு' என்று அவர் நேரடியாகக் காசு பிடிக்கவும் விதியில் இடமில்லை.

பாஸ்புக்கில் 'ஏஇபிஎஸ்' (AePS, ஆதார் ரேகை வழியே எடுத்த பணம்) என்று பற்று விழுந்திருக்கிறதா? சர்வர் நிஜமாகவே போயிருந்தால் 5 நாளுக்குள் பணம் திரும்ப ஏற வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் கேட்காமலே தர வேண்டும் என்று 2019-இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்டுப் பாருங்கள், என்ன முகம் காட்டுகிறார்கள் என்று! மோசடி என்று பட்டால் அன்றே கிளையில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448-இல் பேசுங்கள்.

கூலி வரவே இல்லையென்றால் அது வேறு கணக்குக்குப் போயிருக்கலாம். எத்தனை வங்கியில் ஆதார் கொடுத்திருந்தாலும், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். 'இலவசக் கணக்கு, சிம் சரிபார்ப்பு' என்று யாராவது விரல் வாங்கினார்களா என்று அத்தையிடம் கேளுங்கள். ஆதாரின் 'மைஆதார்' (myAadhaar) இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும்.

யாரும் பயன்படுத்தாதபடி ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டும். திறந்தது 10 நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். கடைக்காரர் பொருள் எடைபோடும் நேரத்தில் மலையில் சிக்னலுக்கு எங்கே போவது? அதனால் அத்தைக்கு அது வேண்டாம். கணக்கில் ரேகை வழியே பணம் எடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பல வங்கிகள் செய்கின்றன. கூலி வந்துகொண்டுதான் இருக்கும். எடுக்க பாஸ்புக்கும் ரூபே அட்டையும் போதும்.

இனி செல்போன். கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று கிளையிலேயே கேளுங்கள். கணக்கு திறந்து கொடுத்த தரகர் தன் எண்ணைப் போட்டிருந்தால் குறுஞ்செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும். அத்தையின் எண்ணை மாற்றி வாங்குங்கள். பட்டன் போன் போதும்.