பாவம், அந்த நாயும் முயற்சி செய்துதான் பார்க்கிறது

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள் பற்றித்தான், அதிலும் சேட்டைக்கார நாய்க் கதைகள் பற்றி. மற்றவை அடுத்த இதழில்.

கேள்வி: எங்கள் பையனுக்கு நாலு வயது. தினமும் ராத்திரி ஒரே படப்புத்தகத்தைத்தான் படிக்கச் சொல்கிறான். வீட்டில் எல்லோரும் வெளியே கிளம்ப, நாய் 'சமர்த்தாக இருக்கிறேன்' என்று சொல்கிறது. அப்புறம் செருப்பைக் கடிக்கிறது, தலையணையைக் கிழிக்கிறது, பூனையைத் துரத்துகிறது. இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இதைப் பார்த்துப் பிள்ளை கெட்டுப்போவான் என்கிறார் என் மாமியார்.

கெட்டுப்போக மாட்டான். அவன் எந்தப் பக்கத்தில் சிரிக்கிறான் என்று மாமியாரையே கவனிக்கச் சொல்லுங்கள். செருப்பு கிழிந்த பக்கத்துக்கு முன்னாலேயே, நாய் அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே சிரிப்பு ஆரம்பித்திருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று நாய்க்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். நாள் முழுக்க தொடாதே, ஓடாதே, கத்தாதே என்று கேட்டே வளரும் ஒரு ஆள், தன்னைவிடப் பெரிய சேட்டைக்காரனைப் பார்த்து 'ஐயோ, வேண்டாம்' என்று தலையில் கை வைக்கும் நேரம் அது ஒன்றுதான், அதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டாமே.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த மாதிரிக் கதையில் நாய்க்கு விதி நன்றாகத் தெரியும், கீழ்ப்படிய ஆசையும் இருக்கிறது, முடியவில்லை, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளின் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் சூரியன் படத்தைக் காட்டினால் 'ராத்திரி' என்றும், நிலா படத்தைக் காட்டினால் 'பகல்' என்றும் சொல்லும்படி குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றரை, நாலு வயதுப் பிள்ளைகள் ரொம்பத் தடுமாறினார்கள். ஆறேழு வயதுக்காரர்களுக்கு அது பெரிய காரியமாக இல்லை. வாயில் முந்திக்கொண்டு வரும் பதிலை அடக்குவதுதான் அங்கே சிரமம். அந்த அடக்கும் வேலையில் பெரிய பங்கு மூளையின் முன்பகுதிக்கு, அது முழுசாக முதிர்வதற்கு இருபது வயதுக்கும் மேல் ஆகிவிடுகிறது. அதனால் 'சொன்னது மண்டையில் ஏறவில்லையா?' என்று நாம் பிள்ளையைக் கேட்பது பெரும்பாலும் தப்பான கேள்வி. ஏறிவிட்டது. கைதான் முந்திக்கொண்டது.

கேள்வி: அந்த மாதிரி ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் நாய் முழுசாகத் திருந்தவில்லை. குப்பைத்தொட்டியை முறைத்துப் பார்ப்பதோடு கதை முடிகிறது. 'அப்புறம் அது நல்ல நாயாகிவிட்டது' என்று நானே ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சரிதானே?

சரியில்லை. ஆசிரியர் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள், 'என்ன செய்யும்னு நினைக்கிறே?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர நேரமாகும், இடையில் நீங்களே உதவிக்குப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நீதியைச் சேர்த்தால் பிள்ளை அதன்படி நடக்கும் என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. 2014-இல் காங் லீ என்ற உளவியலாளரின் குழு 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு நடத்தியது. பின்னால் ஒரு பொம்மை இருக்கும், திரும்பிப் பார்க்கக் கூடாது, பெரியவர் வெளியே போய்விடுவார். (கிட்டத்தட்ட நம் நாய்க் கதையேதான்!) திரும்பி வந்து ஒரு கதை படித்துக் காட்டிவிட்டு, 'பார்த்தாயா?' என்று கேட்டார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும், ஓநாய் தின்னும் என்கிற கதைகளைக் கேட்ட பிள்ளைகள் உண்மையைக் கூடுதலாக ஒப்புக்கொள்ளவில்லை. மரத்தை வெட்டிய பையன் உண்மையைச் சொல்லி அப்பாவிடம் பாராட்டு வாங்கிய கதையைக் கேட்டவர்கள் மத்தியில்தான் ஒப்புக்கொள்வது கூடியது. ஆக, கெட்டவனுக்கு என்ன ஆயிற்று என்று பயமுறுத்துவதால் பெரிய பலன் இல்லை. உங்கள் புத்தகத்து நாய் ஏதாவது ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரமாவது தன்னை அடக்கிக்கொள்கிறதா பாருங்கள், இருந்தால் அந்தப் பக்கத்தில் கூட நேரம் நில்லுங்கள்.

கேள்வி: மிருகங்களை வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியும் என்கிறார்களே, உண்மையா?

ரசிப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை. பாடமாக எடுத்துக்கொள்வார்களா என்பது வேறு. கனடாவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள், ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் சட்டை போட்ட மிருகங்கள். பிறகு கையில் இருந்த ஸ்டிக்கர்களை வேறு பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னபோது, மனிதர் கதையைக் கேட்டவர்களே தாராளமாகக் கொடுத்தார்கள். அதனால் நாய்க் கதையைப் பாடம் நடத்தும் கருவியாக வாங்காதீர்கள் என்பேன். சிரிக்க வாங்குங்கள், பேச்சுக் கொடுக்க வாங்குங்கள். 'நான் செஞ்சேன்' என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளை 'நாய் ஏன் அப்படிச் செஞ்சது?' என்று நாம் கேட்டால் கொட்டித் தீர்த்துவிடும்.

கேள்வி: திட்டினால் நாய் காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி முகத்தை வைத்துக்கொள்கிறதே, அது குற்ற உணர்ச்சிதானா? படத்தில் அப்படித்தான் வரைகிறார்கள்.

அப்படி எடுத்துக்கொள்ள ஆதாரம் போதாது. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாத நாயையும், 'தின்றுவிட்டது' என்று உரிமையாளரை நம்பவைத்துத் திட்டச் செய்தார்கள். தின்றதோ இல்லையோ, திட்டு விழுந்தால் அந்த முகம் வந்தது. அது பெரும்பாலும் நம் குரலுக்கான பதில். படப்புத்தகத்தில் வரைந்தால் தப்பில்லை, அங்கே நாய் வேஷத்தில் இருப்பது ஒரு குழந்தை.

கேள்வி: நானே ஒரு நாய்க் கதை எழுதி வைத்திருக்கிறேன். படப்புத்தகமாக்க என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் பக்கத்தை எண்ணுங்கள். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், பெரிய தாளில் அச்சடித்து மடித்துக் கட்டுவதால் வரும் கணக்கு. தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கமெல்லாம் போகக் கதைக்குப் பன்னிரண்டு, பதினான்கு விரிபக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் ஒரே பார்வையில் தெரியும் இடது, வலது பக்கங்கள் சேர்ந்து ஒன்று) கிடைக்கும். அதற்குள் நாய் சபலப்பட வேண்டும், தோற்க வேண்டும், மறுபடி முயல வேண்டும். சபலம் வலது பக்கத்தில் இருக்கட்டும், விளைவு தாளைத் திருப்பின பிறகு. இரண்டையும் ஒரே பார்வையில் காட்டிவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன சிரிப்பு வரவே வராது. அப்புறம், படம் சொல்வதை எழுத்திலும் சொல்லாதீர்கள். 'நாய் தலையணையைக் கிழித்தது' என்ற வரி எதற்கு, பஞ்சு பறப்பதுதான் தெரிகிறதே. 'நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்' என்று நாய் சொல்லட்டும், பின்னால் பஞ்சு பறக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகூடப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: ஒரே புத்தகத்தை எத்தனை தடவைதான் படிப்பது? தொண்டை வறண்டுபோகிறது.

புரிகிறது. ஆனாலும் படியுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் 2011-இல் செய்த ஆய்வில், வேறு வேறு கதைகள் கேட்டவர்களைவிட ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் புதிய சொற்களைக் கூடுதலாகக் கற்றுக்கொண்டார்கள். நிஜமாகவே முடியாத ராத்திரியில் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்து 'நீ சொல்லு' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். பக்கம் தவறாமல் சொல்வார்கள். நடுவில் கண்ணசந்தீர்களா, எழுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.