எரிவாயு கசிந்தால் உடனே வெடித்துவிடுமா?

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எரிவாயு கசிந்தால் உடனே வெடித்துவிடுமா, உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பல சமயம் உடனே வெடிக்காது. வாயு பரவிப் போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். நான் ஒரு ஆலையில் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவன், ஒரு தடவை நேரிலேயே பார்த்தேன்.

இரவு ஷிஃப்ட். புரொப்பேன் (சமையல் கேஸிலும் இருக்கும் வாயு) பம்ப் ஒன்றில், கசியாமல் அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது. சட்டையில் மாட்டியிருந்த கேஸ் டிடெக்டர் அலற ஆரம்பித்தது, பம்பைச் சுற்றித் தரையோடு தரையாக வெள்ளையாக ஏதோ படர்ந்தது. அந்த வெள்ளைப் படலம் வாயு இல்லை, குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பனிமூட்டமாகத் தெரிவது. பற்றக்கூடிய வாயு அதைத் தாண்டியும் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் மேலே போகாமல் பள்ளம், வடிகால் என்று இறங்கி ஓடும். மூக்கையும் நம்ப முடியாது, ஏனென்றால் வீட்டு சிலிண்டரில் வரும் நாற்றம் பிற்பாடு சேர்ப்பது.

எனக்கு முதலில் தோன்றியது ஓடிப்போய் வால்வை மூடுவதுதான். சீனியர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வாக்கிடாக்கியில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னார், அவர்கள் அங்கிருந்தே பம்பை நிறுத்தி வால்வை மூடினார்கள், அப்புறம் தண்ணீரைத் திரை மாதிரி பீய்ச்சி வாயுவைக் கலைத்தோம். இதற்கு நடுவில் பக்கத்தில் நின்ற லாரியை நல்லெண்ணத்தில் தள்ளி நிறுத்தலாம் என்று டிரைவர் ஏறிவிட்டார். "தம்பி, சாவியைத் தொடாதே, இறங்கி வா!" என்று சீனியர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவர் அப்படிக் கத்தியதற்குக் காரணம் உண்டு. 1966 ஜனவரி 4 அன்று பிரான்சில் லியோன் பக்கம் ஃபெய்சின் ஆலையில், புரொப்பேன் சேமிக்கும் உருண்டையான பெரிய தொட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கத் திறந்த வால்வு உறைந்து மூட முடியாமல் போனது. வாயு பக்கத்துச் சாலை வரை பரவி, அங்கே வந்த ஒரு காரில் பற்றியது. தொட்டி வெடித்து 18 பேர் இறந்தார்கள். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த விபத்திலும், ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் பிக்கப் வண்டிதான் பற்றவைத்தது என்று விசாரணையில் சொன்னார்கள். டீசல் இன்ஜின் காற்றோடு வாயுவையும் இழுத்துக்கொண்டால் தானாக உறுமும், சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடலாம்.

அதனால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து வெளியேறுங்கள். கசியும் இடத்திலேயே பற்றி எரிந்தால் ஆபரேட்டர்கள் அதை அவசரப்பட்டு அணைக்கவும் மாட்டார்கள். வாயு வருவதை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைத்தால் மறுபடி மேகமாகச் சேர்ந்துவிடும், சும்மா எரிவதைவிட அது மோசம்.

அந்த லாரியை, கேஸ் அளக்கும் மீட்டரில் எல்லாப் பக்கமும் பூஜ்யம் காட்டிய பிறகு, விடியற்காலையில்தான் எடுக்க விட்டோம்.