டிப்ளமோ மெக்கானிக்கலா, பிளஸ் டூ முடித்து பி.இ.யா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மெக்கானிக்கல் டிப்ளமோதான் படிப்பேன் என்கிறாள். பி.இ. படித்தால்தான் மதிப்பு, டிப்ளமோவில் வருஷம் வீணாகும் என்கிறார் என் மச்சான். எதில் சேர்ப்பது?

பதில்: வருஷம் எதுவும் வீணாகாது. பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, ஆக ஆறு. டிப்ளமோ மூன்று, அதன்பின் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ., அதற்கு மூன்று, அதுவும் ஆறுதான். பாதி வழியில் வீட்டு நிலைமை மாறினாலும் டிப்ளமோக்காரர் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு உதவித்தொகையோடு போகலாம். மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் வேலை தேடலாம். உங்கள் மகளுக்கு நான் டிப்ளமோவையே சொல்வேன்.

இதில் இடறும் இடம் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மூன்றாம் செமஸ்டரிலேயே பூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் வந்துவிடும். லேட்டரலில் வருகிறவர்கள் முதலாண்டுக் கணக்கைப் படிக்காமலே அதில் உட்கார வேண்டும். பட்டறையில் கெட்டிக்காரப் பிள்ளைகளே இங்கேதான் அரியர் வைக்கிறார்கள். டிப்ளமோ கடைசி வருடத்திலேயே நுண்கணிதத்தைத் தொட ஆரம்பிக்கட்டும்.

கல்லூரியைக் கட்டடம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மதுரையில் அரசின் தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கிறது, முதலில் அங்கே முயலுங்கள். தனியார் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதியைப் பார்த்துவிட்டு, வேலைநாளில் போய் ஒர்க்ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மிஷினுக்குக் கீழே உள்ள தட்டில் புது இரும்புச் சுருள் கிடந்தால் மிஷின் ஓடுகிறது. தூசி படிந்து கிடந்தால் ரெக்கார்டு நோட்டில் மட்டும்தான் ஓடுகிறது! கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மிஷினில் மாணவர்களே புரோகிராம் போடுகிறார்களா, கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரியா என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியர் அளவுகருவியைத் தயங்காமல் படிக்கிற பிள்ளை இன்டர்வியூவில் பாதிக் கிணறு தாண்டிவிடும்.

பெண் பிள்ளைக்கு லேத் வேலையா என்று யாராவது கேட்டால், தலைமுடியைக் கட்டி, துப்பட்டா இல்லாமல், ஷூ போட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். கையுறை கூடாது, இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில் சிக்கும்.

ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், டிப்ளமோவுக்கும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.