எட்டுக் கட்சி, ஒரு வளையம்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ பிள்ளைகளுக்காக 2021 சட்டமன்றத் தேர்தல் முடிவை எக்செல்லில் டோனட் சார்ட்டாக, அதாவது நடுவில் ஓட்டை உள்ள வளைய விளக்கப்படமாகப் போட்டு வகுப்பில் ஒட்டினேன். எட்டுக் கட்சி, எட்டு நிறம். எங்கள் கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டு, இது வெறும் அலங்காரம், பட்டை விளக்கப்படம்தான் சரி என்கிறார். எடுத்துவிடவா?

ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

அன்புள்ள டீச்சர்,

எடுக்க வேண்டாம். ஆனால் எட்டு நிறத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மொத்தம் 234 இடம், பெரும்பான்மைக்கு 118, திமுக ஜெயித்தது 133. வளையத்தைக் கடிகாரம் மாதிரி 12 மணியில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் திமுகவின் நிறம் 6 மணியைத் தாண்டி, கிட்டத்தட்ட 7 மணி வரை வந்துவிடும். பாதியைத் தாண்டிவிட்டார்கள் என்பது கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் பார்த்தவுடன் புரியும். பட்டையில் இது வராது. அதிமுகவின் 66ஐப் போல இரண்டு மடங்கு என்று தெரியுமே தவிர, மொத்தத்தில் பாதி வந்ததா என்று காட்ட 118இல் தனியாக ஒரு கோடு இழுக்க வேண்டும்.

சரி, வாத்தியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாமக 5, பாஜக 4, விசிக 4, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் ஆளுக்கு 2. வளையத்தில் ஓர் இடம் என்பது ஒன்றரை டிகிரிதான், ஐந்துக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை ஒப்பிடுவதில் நம் கண் கோணங்களை ஒப்பிடுவதைவிடக் கெட்டி என்று ஆய்வாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கிலும் 1984லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் வட்ட விளக்கப்படத்தைவிட மோசம் என்று அவர் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கா, கொசாரா என்ற ஆய்வாளர்கள் 2016இல் செய்த சோதனையில் இரண்டையும் மக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் படித்தார்கள்.

அதனால் வளையத்தில் கூட்டணிகளை மட்டும் போடுங்கள். திமுக அணி 159, அதிமுக அணி 75. திமுகவின் 133க்கு அடர்ந்த நிறம், தோழமைக் கட்சிகளின் 26க்கு அதே நிறத்தில் வெளிறியது, மிச்சத்துக்கு வேறு நிறம். நடுவில் இருக்கும் காலி இடத்தில் '159 / 234' என்று பெரிதாக எழுதிவிடுங்கள், அந்த ஓட்டைக்கு உருப்படியான வேலை அதுதான். கட்சிப் பெயர்களை ஓரத்தில் நிறக்கட்டம் போட்டுத் தராமல் அந்தந்த வளைவின் பக்கத்திலேயே எழுதுங்கள், பிள்ளைகள் நிறத்தைத் தேடி அலைய வேண்டாம். எட்டுக் கட்சியும் தனித்தனியாக வேண்டுமென்றால் கீழே பட்டையாகப் போடலாம், வாத்தியாருக்கும் திருப்தி.

அப்புறம் ஒன்று. அந்தத் தேர்தலில் திமுக வாங்கிய ஓட்டு 37.7 சதவீதம், கிடைத்த இடம் சுமார் 57 சதவீதம். பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய கணக்கு இது. ஆனால் ஓட்டுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று இரண்டு வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள், கண் இங்கும் அங்கும் தாவி எதையும் அளக்காது. அதற்குப் பட்டைதான். வரைந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள், பார்க்க ஆசை.