ஹீட் பம்ப் கம்ப்ரஸர்: வேகத்தைக் குறைப்பதா, ஓட்டத்தை நீட்டுவதா?

பழைய ஏசியின் சிங்கிள் பேஸ் கம்ப்ரஸரை வைத்துத் தண்ணீர் சூடாக்க ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் கருவி) செய்திருக்கிறேன். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி எதையாவது போட்டு வேகத்தைக் குறைக்கலாமா?

கூடாது. ஃபேனுக்கு வேகம் குறைந்தால் சுமையும் குறைந்துவிடும். கம்ப்ரஸர் அப்படியில்லை, அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளியே ஆகவேண்டும். வோல்டேஜைக் குறைத்தால் வேகம் பெரிதாகக் குறையாது, கரன்ட் ஏறும், ஒரு கட்டத்தில் மோட்டார் நின்று வைண்டிங் கொதிக்கும்.

என்னுடைய கம்ப்ரஸர் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் த்ரீ பேஸ். விஎஃப்டியில் (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) எவ்வளவு கீழே இறக்கலாம்?

30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதீர்கள், கம்ப்ரஸருக்குள் ஆயில் சரியாக ஏறாது. அங்கே வோல்டேஜும் அதே விகிதத்தில் சுமார் 240 ஆக இறங்க வேண்டும். அப்புறம், கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கேப்பிலரி ட்யூப் பல வேகங்களுக்கு ஒத்துவராது, திறப்பை மாற்றிக்கொள்ளும் எலக்ட்ரானிக் எக்ஸ்பான்ஷன் வால்வுதான் சரி.

இரண்டு நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. வேகத்தைக் குறைத்தால் தீருமா?

முதலில் எது நிறுத்துகிறது என்று பாருங்கள். லோ பிரஷர் ஸ்விட்ச் என்றால் கேஸ் குறைவாகவோ காயில் அடைத்தோ இருக்கும், அதைச் சரிசெய்யாமல் வேறெதைத் தொட்டும் பயனில்லை. தெர்மோஸ்டாட் என்றால் தண்ணீர் போதவில்லை. பம்ப் 5 கிலோவாட் கொடுக்கிறது, வீடு இழுப்பது 2 என்றால் மிச்சம் 3 கிலோவாட் எங்காவது போயாக வேண்டும் அல்லவா? தெர்மோஸ்டாட்டில் 5 டிகிரி இடைவெளி விட்டு 10 நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் ஏறக்குறைய 86 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது சூடான தண்ணீரைத் தேக்கி வைக்கும் 100 லிட்டர் பஃபர் டேங்க். வேகக் கட்டுப்பாட்டுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இந்த டேங்கை வையுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் மன்றாடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் வழக்கமான கரன்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு பாய்கிறது, கூடவே கொஞ்சம் ஆயில் குழாய்க்குள் போய்விடுகிறது, அது திரும்பி வர நேரம் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டே இருந்தால் பேரிங் வறண்டு தேயும்.

கரன்ட் போய் வந்தால் கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டில்தான் ஓட்டுகிறேன்.

இரண்டு பக்க அழுத்தமும் சமமாவதற்கு முன்பே ஸ்டார்ட் கொடுக்கிறீர்கள். நின்ற பிறகு 5 நிமிடம் விடுங்கள். போர்டு ரீசெட் ஆனாலும், கம்ப்ரஸர் இப்போதுதான் நின்றது என்று எடுத்துக்கொண்டு புரோகிராம் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஹை பிரஷர் ஸ்விட்சை மட்டும் தயவுசெய்து புரோகிராமை நம்பி விடாதீர்கள். அது காண்டாக்டர் (கம்ப்ரஸருக்குக் கரன்ட்டை இணைக்கும் பெரிய ரிலே) காயிலுக்குப் போகும் வயரிலேயே சீரீஸாக இருக்கட்டும், போர்டு உறைந்து நின்றாலும் கம்ப்ரஸர் நிற்கும்.