பழைய கூட்டாளிகளைப் பார்க்கப் போகலாமா? போங்கள், ஆனால் மண்டபத்துக்கு மட்டும் போய்விட்டு வராதீர்கள்

கேள்வி: "இருபது முப்பது வருடம் கழித்துப் பிறந்த ஊருக்குப் போய்ப் பழைய நண்பர்களைச் சந்திப்பது நல்லதா, ஏமாற்றமாக இருக்குமா?"

கேட்டவரை அநேகமாக யாரோ ஒரு வாட்சப் குழுவில் சேர்த்திருப்பார்கள். ஒன்றுகூடலுக்குத் தேதி குறித்து, டீ-சட்டை அளவும் கேட்டிருப்பார்கள். சரிதானே? அப்படியென்றால் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற வழியில் இருக்கிறது. மலேசிய அமைச்சராக இருந்த தமிழர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூன் 16-ம் தேதி வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் தோட்டத்திலேயே சுட்டுக் கொன்றார்களே, மலாயாவில் அவசரகாலம் வந்ததே, அது எங்கள் வட்டாரத்தில்தான். ஆனால் நான் பிறந்தது டவுனில் இல்லை. லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது ஃபோன் போட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

தோட்டம் இன்னும் இருக்கிறது, நாங்கள்தான் இல்லை. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்துவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டார்கள். பால்மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்ட ஆள் வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அறுத்தால் போதும். ஆள் தேவை குறைந்தது. லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம், அதனால் வேலை போனால் வீடும் போகும். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஜொகூர் பாருவுக்கு வந்தார். நான் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரை எடுத்தால்தான் கடற்பாலத்தில் நெரிசலுக்கு முன்னால் தாண்ட முடியும். அப்பாவும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவதற்கு, அதே நாலு மணிக்குத்தான் எழுந்தார். முன்னேறிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒன்றுகூடல் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சட்டையோடு சேர்த்துத் தலைக்கு எண்பது வெள்ளி (ரிங்கிட்). சிறப்பு விருந்தினராக டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர். அவர் வந்து சேரும்வரை சாப்பாட்டுத் தட்டின் மூடியைத் திறக்கவே விடவில்லை. மேடையில் ஏற்பாட்டாளர், எங்கள் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) மகன், "லயத்தில் நாமெல்லாம் ஒரே குடும்பமாக வாழ்ந்தோம்" என்று உருகினான். எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான். ஆனால் அவன் லயத்தில் இருந்ததே இல்லை. கிராணி வீடு தனி. சுற்றிலும் வேலி, குசினிக்குள்ளேயே பைப்பு. எங்களுக்கு ஒரு வரிசைக்கு ஒரே பொதுக் குழாய். நாங்கள் பந்து விளையாடும்போது அவன் வேலிக்கு உள்ளே நின்று பார்ப்பான்.

நான் பார்க்கப் போன ஆள் அங்கே வரவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரன், ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே மேசை. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது புகுமுக வகுப்போடு நின்றுவிட்டான். இங்கே தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் மலாய்மொழிப் பாடத்துக்குப் பழக அந்த ஒரு வருட வகுப்பு இருந்தது. ஆமாம், மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் உண்டு, இன்றும் 500-க்கு மேல். இந்தத் தளத்தில் நான் எதைப் பற்றி எழுதினாலும் "அங்கேயும் தமிழ் பேசுவீங்களா, ஆச்சரியமா இருக்கே" என்று ஒருவர் வந்துவிடுகிறார். எங்கள் தாத்தா பாட்டி கப்பலேறி வந்து இந்தக் காட்டை வெட்டியது உங்கள் ஊர்ப் பாடப்புத்தகத்தில் இல்லையென்றால் அது என் குற்றமா? பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் போதும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். டவுனுக்கு வெளியே ஒரு தாமானில் (குடியிருப்பில்) மலிவுவிலை வீடு. செம்பனை லோரி ஓட்டுகிறான். கேட்டைத் திறந்ததும் "பசியாறியாச்சா?" என்றான். அவ்வளவுதான் வரவேற்பு. அவன் மனைவி மீகூன் (அரிசி சேமியா) பிரட்டி வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே, சிங்கப்பூர்க் காசு மூணு வெள்ளிக்கு மேலே போகிறதாமே, கையில் எவ்வளவு நிற்கிறது என்று நேராகக் கேட்டான். சொன்னேன். வாடகையைக் கழித்துவிட்டு, "அப்போ எனக்கும் உனக்கும் பெரிய வித்தியாசம் இல்லடா" என்று சிரித்தான்.

ஏன் மண்டபத்துக்கு வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னான். பால்வெட்டுக்காரர்கள் காண்டாவாளியில், அதாவது காவடிபோல் தோளில் தூக்கும் வாளியில், ரப்பர்ப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். கிராணி நிறுப்பார், மெட்ரோலாக் என்ற அளவுகோலைப் பாலில் போட்டு எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார், புத்தகத்தில் எழுதுவார். அவர் எழுதியதுதான் கூலி. இவன் அம்மா ஒருமுறை எதிர்த்துக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு கிராணி புத்தகத்தில் அந்த அம்மா பாலில் எப்போதும் தண்ணீர் அதிகம். "அந்த மனுசன் மகன் கூப்பிட்டு, நான் எண்பது வெள்ளி கட்டி, சட்டை மாட்டிக்கிட்டு வந்து நிக்கணுமாடா?"

உடனே "அப்பன் செய்ததற்கு மகன் என்ன செய்வான்" என்று எழுத வருவீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். கிராணி மகன் கெட்டவன் இல்லை, அவன் அலையாமல் அந்தக் கூட்டமே கூடியிருக்காது, நான் ஊர்ப்பக்கம் வந்திருக்கவும் மாட்டேன். ஒன்றுகூடல் நடத்துகிற எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேடையில் மைக் வைத்துக்கொண்டு யாரும் இந்தக் கணக்கைப் பேச மாட்டார்கள். மண்டபத்தில் யார் என்ன கார், யார் பிள்ளை டாக்டர், இதுதான் பேச்சு. ஊரைவிட்டுப் போகாதவனுக்கு அங்கே நாற்காலி இருக்கும், பேச இடம் இருக்காது.

சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். லயம் இருந்த இடம் முழுக்கச் செம்பனை, எனக்குத் திசையே பிடிபடவில்லை. அவன் காலால் சருகைத் தள்ளினான். சிமெண்டுக் கால்வாய் தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டு நடந்தான். "இது மண்டோர் வீடு, இது ஆயாக்கொட்டாய், இங்க உங்க அம்மா கோழி அடைச்சிருந்தாங்க." மண்டோர் என்றால் வேலையை மேற்பார்க்கிறவர், ஆயாக்கொட்டாய் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். எங்கள் வீட்டுக் குளியலறைத் தரை அப்படியே இருந்தது, மூலையில் துணி துவைக்கிற கல்லோடு. கோயில் மட்டும் முழுசாக நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருகிறார்கள். மற்ற நாளில் விளக்கேற்றுவது இவன்தான்.

ஆகவே போங்கள். மண்டபத்துக்கும் போங்கள், எண்பது வெள்ளி பெரிய காசில்லை என்றால். ஆனால் வராதவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, கூடுதலாக ஒரு நாள் லீவு போட்டு, வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். தீபாவளி சமயத்தில் வேண்டாம், ரயில் டிக்கெட்டும் கிடைக்காது, யாரும் நின்று பேசவும் மாட்டார்கள். சும்மா ஒரு வார நாளில் போங்கள். கையில் கேக்கு, லட்டு என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நம் வயசில் பாதிப்பேருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). நான் கொண்டுபோன கேக்கை அவன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான்.